ஸ்பிட்டிக்குத் தனியாகக் கிளம்புவதற்கு முன்: கும்பகோணத்திலிருந்து ஒரு தயாரிப்பு

கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரம்கூட இருக்காது. இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான காஜா 3,600 மீட்டருக்கு மேல். என் தயாரிப்பில் முக்கால்வாசி இந்த உயரத்தைப் பற்றித்தான், ஜாக்கெட், ஷூ எல்லாம் கடைசி நேரத்து வேலை.

மாதத்தை எங்கள் வயல்தான் முடிவு செய்தது. ஜூனில் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலையில் அப்பாவுக்கு ஆள் பத்தாது. குறுவை அறுப்பு முடிந்து சம்பா நடவு மும்முரமாவதற்குள் கிடைக்கிற சின்ன இடைவெளி செப்டம்பர் கடைசி. அதுவும் நல்லதாகவே போயிற்று, ஏனென்றால் ஜூலை, ஆகஸ்ட் மழையில் வழியில் வரும் கின்னௌர் மாவட்டத்துப் பக்கம் மலை சரிந்து ரோடு அடைபடுவது சகஜம், தாமதித்தாலோ பனி வந்துவிடும்.

அடுத்தது வழி. மணாலியிலிருந்து ஒரே நாளில் காஜா போய்விடலாம், ஆனால் சுமார் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து, 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் குன்ஸும் கணவாயைத் தாண்டி, அன்றிரவே 3,600க்கு மேல் படுக்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த உயரத்துக்கு உடம்பு பழகாமல் வருகிற உயர நோயைத் தவிர்க்க, மூவாயிரத்துக்கு மேல் போனால், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான விதி. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் ராத்திரி எங்கே தலை சாய்க்கிறோம் என்பதுதான் கணக்கு. அதனால் சிம்லா (2,200), கல்பா (2,960), தாபோ (3,280), அப்புறம் காஜா என்று சுற்று வழியை எடுத்தேன். லீவு கூடுதலாகக் கேட்டதில் மேனேஜர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

உடம்புக்குப் பயிற்சி என்றால் டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? சுவாமிமலைதான். அறுபது தமிழ் வருஷத்துக்கு அறுபது படி. முதுகுப் பையில் பொன்னி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நின்றால், பூ விற்கிற அம்மா “என்ன தம்பி, வேண்டுதலா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இதெல்லாம் காலுக்கு நல்லது, ஆனால் உயர நோயைத் தடுக்காது. தினமும் ஓடுகிறவனுக்கும் வரும், சிகரெட் குடிக்கிறவனுக்கு வராமலும் போகும்.

டாக்டரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது சல்ஃபா மருந்து அலர்ஜி உண்டா என்று. இல்லை என்றதும் உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு எழுதினார், டயமாக்ஸ் என்று கடையில் கேட்டால் தெரியும். எனக்கு 125 மில்லிகிராம், காலை, இரவு. ஊரிலேயே போட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது, அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, பெரிய கடைத்தெருவில் பன்னீர் சோடா குடித்தால் சப்பென்று இருந்தது. கடைக்காரரிடம் கேஸ் போய்விட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள், மாத்திரையின் வேலை அது. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

தனியாகப் போவதில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்றால் நமக்கே தெரியும், மேலே ஏறாமல் அங்கேயே தங்கிவிடலாம். உயர நோய் முற்றி மூளையில் நீர் கோத்துக்கொண்டால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், ஆனால் யோசிக்கிற புத்தியே மந்தமாகிவிடுவதால் தனக்கு வந்திருப்பது அவனுக்கே தெரியாது. கூட ஆள் இருந்தால் கவனிப்பார்கள். அதனால் ஒரு அட்டையில் ஹிந்தியில் எழுதி வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்: உளறினாலோ, தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் என்னைக் கீழே இறக்குங்கள். தங்கின வீட்டுக்காரர்களிடம் போனதுமே அதைக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு சோதனையும் உண்டு, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது. இதைச் சொன்னதும் அப்பா, “வரப்புல நடக்கற மாதிரிதானேடா, வழுக்கினா இறங்கி வந்துடு” என்றார்.

அம்மாவுக்குப் பயம் போனைப் பற்றி. வழியில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. எந்த இரவு எந்த ஊர் என்று எழுதி காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன்; ஒரு நாள் போன் வராவிட்டால் மறுநாள் ராத்திரிவரை யாருக்கும் சொல்லிப் பதறக் கூடாது என்று பேச்சு. பக்கத்து வீட்டுச் சித்தியிடமும் அதையே சொல்லி வைத்தேன், அவர்தான் முதலில் பதறுவார்.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். இந்தியர்களுக்கு ஸ்பிட்டி போக பெர்மிட் தேவையில்லை, ஆதார் போதும். கல்பாவுக்குப் பக்கத்து ஊரான ரெக்காங் பியோவிலிருந்து காஜாவுக்கு அரசு பஸ் உண்டு, போய்ச் சேர பகல் முழுக்க ஆகும். நம்மூர்க் கடையில் குளிர் உடுப்பு என்று கேட்டால் மார்கழிக்கு மங்கி குல்லாய் எடுத்துக் காட்டுவார்கள். தெர்மல் உள்ளாடையை ஆன்லைனில் வாங்குங்கள், குல்லாயையும் விடாதீர்கள், நன்றாகவே உதவியது. பணத்தைச் சிம்லாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பாதிக்கு மேல் நூறு ரூபாய்த் தாளாக.