காலையில் உட்கார்ந்திருக்கும் கார்

2024 ஜனவரி 6, சனி

கார் வந்து சேர்ந்தது. 1970 மாடல் மெர்சிடஸ்-பென்ஸ் 300 எஸ்இஎல் 3.5. லாரியிலிருந்து இறக்கும்போது வயிறு தரையைத் தொடாத குறை. நான்கு சக்கரங்களும் மட்கார்டுக்குள் பாதி மறைந்திருந்தன. பல வருடம் ஓடாமல் நின்ற வண்டி. இரும்பு ஸ்ப்ரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைகள்மேல் நிற்பது. அந்த ரப்பருக்கு ஐம்பது வயது தாண்டியாயிற்று, யாரைக் குறை சொல்ல?

பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றினேன். எஞ்சின் நாலாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. 3.5 லிட்டர் வி8, 200 குதிரைத்திறன், உட்கார்ந்தே கிடந்ததற்கு நல்ல குரல். எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர் பைகளில் காற்றை நிரப்ப, பத்து நிமிடம் கழித்து மாடு எழுந்திருப்பதுபோல முதலில் பின்பக்கம் எழுந்தது, அப்புறம் முன்பக்கம். முன் இடது மூலை மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் அந்தக் காட்சிக்காகவே இந்த வண்டியை வாங்கலாம் என்று தோன்றியது.

ஜனவரி 7, ஞாயிறு

காலையில் மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

மச்சான் வந்து பார்த்தார். “இதைத் தூக்கிப் போட்டுட்டு காயில் ஸ்ப்ரிங் மாட்டுங்க, தொல்லை விட்டுது” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதே உடலமைப்பில் இரும்பு ஸ்ப்ரிங்குடன் வந்த வண்டிதான் டபிள்யூ108. என்னுடையதுபோலக் காற்றில் நிற்பது டபிள்யூ109. தங்கச்சி வண்டியின் ஸ்ப்ரிங்கைக் கழற்றி அக்காவுக்கு மாட்டியவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 1957இல் வந்த காடிலாக் எல்டொராடோ பிரௌமிலும் இதே கதைதான். நான்கு சக்கரத்துக்கும் காற்று கொடுத்த வண்டி, பிற்பாடு பலருடைய கையில் ஸ்ப்ரிங்குக்கு மாறியது.

எனக்கு மனம் வரவில்லை. ஸ்ப்ரிங் ஒரு கனத்துக்குத்தான் சரியாக இருக்கும். ஆள் ஏறினால் தாழும், இறங்கினால் தூக்கும். காற்றுப் பையில் கனம் கூடினால் வால்வு அதற்கேற்ற காற்றை உள்ளே விடுகிறது. உயரம் மாறுவதில்லை, அழுத்தம் மட்டும் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற பையின் விறைப்பும் கூடுவதால், காலி வண்டியும் ஐந்து பேர் ஏறிய வண்டியும் ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆடும். இந்தக் காரின் குணமே அதுதான். அதைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல சீட்டும் மரப்பலகையும்.

ஜனவரி 21, ஞாயிறு

நான்கு பைகளுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் பைதான் போயிருக்கும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். இதை ‘ஏர்பேக்’ என்று சொல்லிப் பார்த்தேன், ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து வருமே அதுவா என்று இரண்டு பேர் கேட்டார்கள். இனிமேல் பை என்றே எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, சனி

பைகள் வந்தன. இன்று முழுக்க அதே வேலை.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, நான்கு இடத்தில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் அடியில் தலை கொடுத்தேன். காற்றில் நிற்கும் வண்டியின் அடியில் ஸ்டாண்ட் இல்லாமல் போகவே கூடாது. ஒரு குழாய் விட்டுக்கொண்டால் சத்தம் கேட்டு வெளியே வர நேரம் இருக்காது. அடுத்து, காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க்கிலும் குழாய்களிலும் இருந்த காற்றை மெதுவாக வெளியேற்றினேன். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, சீற்றம் முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்தேன்.

பழைய பைகள் மடிகிற இடத்தில் எல்லாம் நுண்ணிய வெடிப்பு, வறண்ட ஏரியின் தரை மாதிரி. வண்டி காற்றில்லாமல் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தால் மடிப்பு அதே இடத்திலேயே அழுந்திக் கிடக்கும். ரப்பர் அங்கேதான் முதலில் சாகும். பின் வலது பையை விரலால் அழுத்தியபோதே கிழிந்தது. மாற்றியது சரிதான் என்று பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பைகளில் காற்று ஏற்றாமலே ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கிவிட்டேன். முன் வலது பை தவறாக மடிந்து, இரண்டு இரும்புக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கிழிந்தது. புத்தம் புதுப் பை. முதலில் காற்று, பிறகுதான் இறக்கம். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், ஆனாலும் செய்தேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 2, சனி

மாற்றுப் பை வந்து மாட்டியாயிற்று. நான்கும் புதிது. வண்டி அழகாக எழுந்தது. வண்டியின் உயரத்தை மாற்றும் குமிழை இழுத்தால் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது, தள்ளினால் பழைய உயரத்துக்கு வந்தது. மாலையில் தெருமுனைவரை ஓட்டினேன், மிதந்தது.

இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். முன் இடது மூலை தாழ்ந்திருந்தது.

முன்பு இந்த மாதிரி வண்டிகளில் வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “எந்த மூலை, எத்தனை மணி நேரத்துல, எத்தனை மில்லிமீட்டர் இறங்குது தம்பி?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அளந்ததே இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

நான்கு மட்கார்டு விளிம்பிலும் காகித டேப் ஒட்டி, சக்கர மையத்திலிருந்து உயரம் எடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோட்டில் எழுதினேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணி நேரத்தில் முன் இடது 62 மில்லிமீட்டர், முன் வலது 4, பின்பக்கம் இரண்டும் ஏறத்தாழ 20. இந்த எண்களைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்தது. இந்த வண்டியில் உயரம் பார்க்கும் வால்வு மொத்தம் மூன்று. முன்பக்கம் மூலைக்கு ஒன்று, பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. பின்பக்கம் இரண்டும் சமமாக இறங்கினால், இரண்டு பையும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்பதைவிட இரண்டுக்கும் பொதுவான இடத்தில் கசிவு என்பது நம்பும்படி இருக்கிறது.

மாலையில் முன் இடது பையின் குழாயை வால்விலிருந்து கழற்றி, நேராகக் காற்று நிரப்பி, முனையில் அழுத்தமானி வைத்து அடைத்தேன்.

மார்ச் 4, திங்கள்

காலையில் முள் அசையாமல் நின்றது. பையில் குற்றமில்லை. வால்வுதான்.

மார்ச் 17, ஞாயிறு

வால்வைக் கழற்றி வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரித்தேன். எளிமையான பொருள்தான். சக்கரத் தண்டோடு ஒரு கம்பி, கம்பியோடு ஒரு சிறு கை. வண்டி தாழ்ந்தால் கை ஒரு பக்கம் திரும்பிக் காற்றை உள்ளே விடும், உயர்ந்தால் மறுபக்கம் திரும்பி வெளியே விடும். நடுவில் இரண்டும் செய்யாத ஓர் இடைவெளி, இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பதறிக்கொண்டிருக்கும்.

காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகி, கல் மாதிரி இறுகியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். காற்று மூடும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு பொடி ஒட்டியிருந்தது, அதைத்தான் எதிர்பார்க்கவில்லை. தேய்த்துப் பார்த்தேன். துரு. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் இந்தத் துரு ஏது? வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

டேங்க்கின் அடித் திருகைத் திறந்தேன். அரை லிட்டருக்கு மேல் செம்மண் தண்ணீர். கம்ப்ரசர் இழுக்கும் காற்றில் ஈரம் உண்டு. அழுத்தினால் அது தண்ணீராகும், அவ்வப்போது திறந்து விடாவிட்டால் இரும்பைத் தின்னும். குழாயில் தண்ணீர் உறையாமலிருக்க ஆல்கஹால் ஊற்றும் சின்னக் குப்பி ஒன்றும் இருக்கிறது. அது எந்தக் காலத்தில் வற்றியதோ.

புதுப் பை நான்கையும் மாட்டிவிட்டு, அவற்றுக்கு வருடக்கணக்கில் துரு ஊட்டவிருந்தேன்.

மார்ச் 30, சனி

டேங்க்கை உள்ளே சுத்தம் செய்து சோதனைக்குக் கொடுத்திருந்தேன். தேறிவிட்டது. சோதிப்பது தண்ணீர் அழுத்தத்தில்தான், காற்றில் அல்ல. தண்ணீர் சுருங்காது. டேங்க் விரிசல் விட்டால் கொஞ்சம் கொட்டும், அவ்வளவுதான். காற்று என்றால் குண்டு. டேங்க்கை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

மூன்று வால்வுக்கும் புது ஓ-ரிங். கம்பி முனைகளின் ரப்பர் புஷ்கள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்ததால் அவையும் புதிது. புஷ் தளர்ந்திருந்தால் வால்வு பொய்யான உயரத்தைப் படிக்கும், எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது. சமதளத்தில் நிறுத்தி உயரம் வைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. கம்பியைக் கொஞ்சம் திருகு, எஞ்சினை ஓடவிடு, காத்திரு, வண்டியை உலுக்கு, அள. முன் இடதைச் சரிசெய்தால் வலது கோபித்துக்கொள்ளும்.

மச்சான் உதவிக்கு வந்திருந்தார். பின் சீட்டில் ஏறி உட்காருவதுதான் அவர் வேலை. அவர் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து, சற்றே யோசித்து, பழைய உயரத்துக்குத் திரும்பியது. இறங்கினார், மறுபடி ஏறினார். ஐந்தாறு முறை. காயில் ஸ்ப்ரிங் பேச்சை இன்று எடுக்கவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

எட்டு நாள் எஞ்சினைத் தொடவில்லை. நோட்டு சொல்வது: முன் இடது 3 மில்லிமீட்டர், முன் வலது 2, பின்பக்கம் 11.

பின்பக்கக் குழாய் இரண்டாகப் பிரியும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு குமிழி, கடுகளவு. நட்டை இறுக்கினால் நிற்கிறது, உலுக்கினால் மறுபடி வருகிறது. குழாய் முனையின் கூம்பைத்தான் புதிதாக அடிக்க வேண்டும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். டேப்பை இன்னும் உரிக்கவில்லை.