பூஜ்யமா, ஓவா?

நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு அலர்ட். சோலாரிஸ்ங்கிற யூனிக்ஸ் ஓஎஸ் ஓடுற சர்வர்ல ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, பூல் (டிஸ்க்கையெல்லாம் ஒண்ணா சேர்த்து வெச்ச சேமிப்பிடம்) 'டிகிரேடட்'னு, அதாவது ஓடுது ஆனா பாதுகாப்பு கொறைஞ்சிடுச்சுன்னு காட்டுது. மேல ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடிட்டிருக்கு, நிறுத்தவே கூடாதுன்னு மேனேஜர் வேற. மிரர், அதாவது ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்லயும் வெக்கிற ஏற்பாடு போட்டிருந்ததால டேட்டாபேஸுக்கு விஷயமே தெரியல, அது பாட்டுக்கு ஓடுது, எனக்குத்தான் கை நடுங்குது, ஏன்னா டிஸ்க் மாத்துறது பெரிய வேலையே இல்ல, எதை உருவுறோம்ங்கிறதுதான் மேட்டர், ஜோடியில நல்லா இருக்குறத உருவிட்டா கதை கந்தல்.

அதான் டேட்டா சென்டர் தம்பிய போன்ல பிடிச்சு சீரியல் நம்பரை எழுத்தெழுத்தா படிக்கச் சொன்னேன். "அண்ணே, கடைசி எழுத்து பூஜ்யமா ஓவான்னு தெரியல"ங்கிறான்! சரிடான்னு செத்த டிஸ்க்கை ஆஃப்லைன் பண்ணி, அந்த ஸ்லாட் லைட்டை மினுக்க விட்டு, அப்புறம்தான் உருவச் சொன்னேன்.

புதுசு சொருகி ரீப்ளேஸ் அடிச்சதும் ரீசில்வர், அதாவது நல்ல டிஸ்க்ல இருந்து புதுசுக்கு டேட்டாவை காப்பி பண்ற வேலை, ஓட ஆரம்பிச்சிடுச்சு. சோலாரிஸோட ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ்ல எனக்குப் பிடிச்சதே இதான், காலி இடத்தையெல்லாம் காப்பி பண்ணாது, டேட்டா இருக்குற பிளாக் மட்டும்தான். ஆனா முடியுற வரைக்கும் ஒத்த டிஸ்க்தான் தாங்குது, அதனால பேக்கப் ஜாபை மட்டும் தள்ளி வெச்சேன்.

அஞ்சு மணிக்கு 'ஆன்லைன்'. தம்பிக்கு டீ நான் வாங்கித் தரணுமாம்.