எதை வேரியபிள் ஆக்குவது?

மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு தளத்தின் சர்வர்களைப் பராமரிக்கிறேன். டெல்டா விவசாயிகள் நெல் அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யும் தளம் அது. சர்வர்கள் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை மையத்தில் ஓடுகின்றன. அவற்றை உருவாக்குவது டெராஃபார்ம் நிரல்: எத்தனை சர்வர், எந்த நெட்வொர்க் என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே கட்டித்தரும் கருவி அது. ஒரு மதிப்பை நிரலுக்குள் நேரடியாக எழுதாமல், வெளியிலிருந்து கொடுப்பதற்காக வைக்கும் பெயர்தான் வேரியபிள். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அக்கா, நெட்வொர்க் முகவரி வரம்பையும் வேரியபிள் ஆக்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு மதிப்பை நிரலுக்கு வெளியே எடுக்கும் முன், அதை யார், எப்போது மாற்றப்போகிறார்கள் என்று பார்ப்பேன். முகவரி வரம்பை மாற்றினால் நெட்வொர்க்கையே அழித்து மறுபடி கட்ட வேண்டும். எங்களில் யாரும் அதைத் தொடப்போவதில்லை. அது நிரலிலேயே கண்ணில் படும்படி இருக்கட்டும்.

சர்வர் எண்ணிக்கை அப்படியல்ல. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் திருவாரூர், நாகை, தஞ்சை என எல்லாப் பக்கமிருந்தும் பதிவுகள் குவியும். மழை வரும் என்று அறிவிப்பு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கதிர் சாய்ந்த வயலின் வரப்பில் நிற்பவருக்குப் பக்கம் திறக்காமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் குறைந்தபட்ச எண்ணிக்கை வேரியபிளாக இருக்கிறது. அதற்கு இயல்பு மதிப்பு கிடையாது. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருவர் யோசித்து எழுதியாக வேண்டும். 2க்குக் குறைந்தாலோ 12ஐத் தாண்டினாலோ வேலிடேஷன் விதி அங்கேயே நிறுத்திவிடும்.

எழுதும் இடமும் ஒன்றே. டெராஃபார்மில், கணினியின் சூழலில் வைக்கும் சூழல் மாறியை, வேரியபிள் மதிப்புகளை எழுதி வைக்கும் டிஎஃப்வார்ஸ் கோப்பு மிஞ்சும். கட்டளை வரியில் கொடுப்பது இரண்டையும் மிஞ்சும். மூன்று இடத்திலும் எழுதி வைத்தால், எந்த எண் நடைமுறைக்கு வந்தது என்று நள்ளிரவில் தேட வேண்டியிருக்கும். நாங்கள், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) களஞ்சியத்தில் இருக்கும் டிஎஃப்வார்ஸ் கோப்பை மட்டுமே பயன்படுத்துகிறோம். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அங்கே பதிவாகிவிடும்.

கடவுச்சொல் விஷயத்தில் நான் கறாரானவள். வேரியபிளுக்கு 'சென்சிட்டிவ்' என்று குறி போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் குறி திரையில் மட்டும்தான் மறைக்கிறது. டெராஃபார்ம் தான் கட்டியவற்றைக் குறித்து வைக்கும் ஸ்டேட் கோப்பைத் திறந்தால் கடவுச்சொல் அப்படியே படிக்கும்படி கிடக்கும். ஏடபிள்யூஎஸ்ஸில் மதிப்புகளைச் சேமிக்கும் பாராமீட்டர் ஸ்டோரிலிருந்து, டெராஃபார்ம் வெளி மதிப்புகளைப் படிக்கும் டேட்டா சோர்ஸ் வழியாக எடுத்தாலும் இதே கதிதான்: படித்த மதிப்பு ஸ்டேட்டில் போய் உட்கார்ந்துவிடும். எனவே எங்கள் நிரலுக்குத் தெரிவது அந்த மதிப்பு இருக்கும் பாதையின் பெயர் மட்டுமே. மதிப்பு பாராமீட்டர் ஸ்டோரில் செக்யூர் ஸ்ட்ரிங்காக, குறியாக்கத்துடன் இருக்கிறது. செயலி தொடங்கும்போது ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி முறையான ஐஏஎம் வழியே தனக்குக் கொடுக்கப்பட்ட அனுமதியைக் கொண்டு தானே எடுத்துக்கொள்கிறது. பாராமீட்டர் ஸ்டோரின் சாதாரண வகையில் ஒரு மதிப்பு 4 கிலோபைட் வரை இருக்கலாம், சேமிப்புக்குத் தனிக் கட்டணமும் இல்லை. எங்களுக்கு அதுவே தாராளம்.

2024 நவம்பரில் வந்த டெராஃபார்ம் 1.10, ஸ்டேட்டில் தங்காத 'எஃபிமெரல்' மதிப்புகளைக் கொண்டுவந்தது. நல்ல வசதி, அதற்கு மாறத்தான் போகிறோம். ஆனால் சம்பா அறுவடை ஓய்ந்து, மாசி கடந்த பிறகுதான். பதிவுகள் குவியும் நாட்களில் பதிப்பு மாற்றத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டேன்.