மாமாவின் நெல்லுக் கணக்கு

மாமா 1994இல் ஓர் அரிசி ஆலைக்காக எழுதிய கணக்கு நிரலை மீண்டும் ஓடவைக்க எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. அக்கால டாஸ் கணினிகளுக்கு நிரல் எழுத உதவிய டர்போ பாஸ்கல் 7.0இல் எழுதியது. விவசாயியின் பெயர், மூடைகளின் எண்ணிக்கை, கொடுக்க வேண்டிய பணம், இவ்வளவுதான் அதில் இருக்கும். கல்லடி வீட்டிலிருந்த கணினியை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. செங்கலடியில் அம்மம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்த நான்கு பிளாப்பிகள் மட்டும் தப்பின.

யூஎஸ்பி பிளாப்பி டிரைவில் இரண்டு உடனே திறந்தன. நான்காவதில் பூஞ்சணம், அதைக் கைவிட்டேன். மூலநிரல் இருந்த மூன்றாவதைப் பழுதான இடங்களில் திரும்பத் திரும்ப வாசிக்கும் மென்பொருளிடம் கொடுத்துவிட்டு இரவு முழுவதும் காத்திருந்தேன். காலையில் முழுவதும் வந்திருந்தது.

பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸில் நிரல் முதல் முயற்சியிலேயே திறந்தது. இன்னும் விரைவாக ஓடட்டும் என்று வேகத்தை உச்சத்துக்கு உயர்த்தினேன். உடனே 'பிழை 200, பூச்சியத்தால் வகுத்தல்' என்று நின்றுவிட்டது. மாமாவின் நிரலில் எங்கும் அப்படி ஒரு வகுத்தல் இல்லை. தேடிப் பார்த்தபோது காரணம் திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் டர்போ பாஸ்கலின் 'சிஆர்டி' பகுதியில் இருந்தது. நிரல் தொடங்கும்போது அது கணினியின் வேகத்தை அளக்கிறது: சுமார் 55 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கிறது. வேகம் மிகுந்தால் விடை அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காது. வகுத்தல் தோற்ற பழியைத்தான் அது பூச்சியத்தின் மீது போடுகிறது. வேகத்தைக் குறைத்தவுடன் சரியானது. ஒரு பிழையின் அடிவேர் வரை இப்படிப் போய்ப் பார்த்து எத்தனை ஆண்டுகளாயிற்று!

அலுவலகத்தில் நான் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் எழுதுகிறேன். இதே கணக்கை அதில் புதிதாக எழுதவும் ஒரு வார இறுதி முயன்றேன். நான் ஒரு வரியும் எழுதுமுன்பே பிறர் எழுதிய துணுக்குகளாகக் கோப்புறையில் ஆயிரக்கணக்கான கோப்புகள் இறங்கிவிட்டன. அவற்றில் எதை யார் எழுதினார், எது எதற்குத் தேவை என்று என்னால் சொல்ல முடியாது. 2016இல் 'லெஃப்ட்பேட்' என்ற பதினொரு வரித் துணுக்கு நீக்கப்பட்டபோது உலகெங்கும் எத்தனையோ மென்பொருள்களைக் கட்டியெழுப்ப முடியாமல் போனது. டர்போ பாஸ்கல் 3.02இலோ எடிட்டரும், எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பானும் சேர்ந்து 39,731 பைட்டுகள்தான். டர்போ பாஸ்கலை உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைத்தார். ஆகவே திறமை குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அடுக்கின் மேல் அடுக்காக ஏற்றிக்கொண்டே போய், ஒரு தனி மனிதர் முழுவதையும் விளங்கிக்கொள்ளும் வாய்ப்பை இழந்துவிட்டோம். அதுதான் எனக்கு வலிக்கிறது.

புதிதாக எழுதுவதைக் கைவிட்டு, மூலநிரலை டர்போ பாஸ்கலோடு ஒத்துப்போகும் இலவசத் தொகுப்பானான ஃப்ரீ பாஸ்கலில் தொகுத்தேன். ஏறக்குறைய மாற்றமே தேவைப்படவில்லை. ஆனால் தரவுக் கோப்பைத் திறந்ததும் முதல் விவசாயியின் பெயர் மட்டும் சரியாக வந்தது. அவருடைய தொகையிலிருந்து எல்லாம் குப்பை. தசம எண்ணைச் சேமிக்கும் பழைய 'ரியல்' வகை 6 பைட், புதியது 8 பைட். அதனால் ஒவ்வொரு பதிவும் இடம் தவறி வாசிக்கப்பட்டது. பழைய எண்ணுக்கென்று அங்கே 'ரியல்48' என்ற வகை இருக்கிறது. அதை வைத்து ஒரு சிறு மாற்றி எழுதியதும் பெயர்களும் தொகைகளும் வரிசையாக வந்து நின்றன.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயர்களைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மூலநிரலைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக வாசித்தவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"மகன், இங்கே சாக்கின் எடையைக் கழிக்காமல் விட்டிருக்கிறேன்."

அந்த வரியை அவரே திருத்தினார். ஃப்ரீ பாஸ்கலின் எடிட்டரும் டர்போ பாஸ்கலின் அதே நீலத் திரைதான். எந்த விசையால் ஓட்டுவது என்று நான் சொல்வதற்குள் அவருடைய விரல்கள் கன்ட்ரோலையும் எஃப் 9ஐயும் அழுத்திவிட்டன.