தென்மேற்கில் ஒரு திறப்பு: குலசேகரம் நாட்குறிப்பு

2020 நவம்பர் 30, திங்கள்

ஒக்கிப் புயல் அடித்து இன்றோடு மூன்று வருடம். காலையில் காப்பி கொண்டு வந்து தந்தபோது அம்மா அதைத்தான் முதலில் சொன்னாள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் கரையோரத்தில் எத்தனையோ. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் சாய்ந்த ரப்பர் மரங்கள் ஒரு கணக்கே இல்லை. ஆனாலும் இந்த நாட்குறிப்பை அந்த மரங்களில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், நின்றால் நாலு பக்கமும் ரப்பர்தான். தென்மேற்கே மட்டும் ஒரு திறப்பு. அது அந்தப் புயல் போட்டது. அங்கே மறுபடி நட்ட தைகள் இப்போது என் உயரத்தைப் போல மூன்று மடங்கு வளர்ந்துவிட்டன. இன்னும் இரண்டு வருடத்தில் மூடிக்கொள்ளும்.

வரும் மாதம் முழுக்க வியாழனும் சனியும் அந்தத் திறப்பில்தான் இறங்கப் போகின்றன. டிசம்பர் 21 அன்று இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும்.

இன்று பௌர்ணமி. ஆறு அங்குலத் தொலைநோக்கியை எடுத்து வைத்தேன். நிலாவின் பள்ளம் பார்க்கப் பௌர்ணமி உதவாது. சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் இல்லை. டைக்கோ பள்ளத்தில் இருந்து நாலாபுறமும் கிளம்பும் வெள்ளைக் கோடுகளை மட்டும் பார்த்துவிட்டு மூடினேன்.

டிசம்பர் 4, வெள்ளி

புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நின்றுவிட்டது. மூன்று நாளாக வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே அம்மா ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாள். தொலைநோக்கி பாலித்தீன் சுற்றி உள்ளறையில் இருக்கிறது. ஆடிக்குப் பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. இந்த ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் அப்புறம் போகாது.

டிசம்பர் 9, புதன்

ஆறே முக்காலுக்குப் பத்து நிமிடம் வானம் திறந்தது. மாதத் தொடக்கத்தில் இரண்டு டிகிரிக்கும் மேலே விலகி நின்ற வியாழனும் சனியும் இப்போது ஏறத்தாழ ஒன்றே கால். கையை நீட்டிச் சுண்டுவிரலை வைத்தால் இரண்டும் மறைந்துவிடுகின்றன. செவ்வாய் உச்சியில், அக்டோபரில் இருந்த சிவப்பு இல்லை.

டிசம்பர் 14, திங்கள், காலை

இன்னும் தூங்கவில்லை. சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

அமாவாசையும் ஜெமினிட்ஸ் எரிகல் மழையின் உச்சமும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. இந்தியாவுக்கு விடியற்காலம் உச்சத்தை ஒட்டிய நேரம். மழை விட்டு மூன்று மணிக்கெல்லாம் தலைக்கு மேலே சுத்தமாக இருந்தது. இதற்குத் தொலைநோக்கி வேண்டாம், பாய் போதும். மருமகளையும் (தங்கச்சி மகள்) எழுப்பிக் கூட்டி வந்தேன். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை, அதனால் திட்ட ஆளில்லை.

மிதுன ராசியில் புனர்பூச நட்சத்திரங்கள் இரண்டு ஜோடியாக நிற்கும். அதில் காஸ்டருக்குப் பக்கத்தில் இருந்துதான் எல்லா எரிகற்களும் கிளம்புவது போலத் தெரியும். ஆனால் அங்கேயே முறைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அங்கே தெரிபவை குட்டையாக இருக்கும். கொஞ்சம் விலகிப் பார்த்தால்தான் நீளமானவை கிடைக்கும். நான் ஆறாமீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) பக்கமும் அவள் தெற்குப் பக்கமும் என்று பிரித்துக்கொண்டோம்.

மூன்று பத்தில் இருந்து நான்கு பத்து வரை 52. நான்கு பத்தில் இருந்து ஐந்து மணி வரை, நடுவில் மேகம் வந்தும், 41. மணிக்கு 150 என்று எழுதுகிறார்களே என்று அவள் கேட்டாள். அது காஸ்டர் நேர் உச்சியில், வானம் துளி வெளிச்சமில்லாமல், அடிவானம் வரை திறந்திருந்தால் வரும் கணக்கு. நமக்குக் காஸ்டர் வடக்கே சாய்ந்துதான் ஏறும். அதோடு மார்த்தாண்டம் பக்கத்து வெளிச்சம், நாலு பக்க மரம் எல்லாவற்றையும் கழித்தால் இது நல்ல எண்ணிக்கை.

இவை நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகம். ஆகஸ்டில் வரும் பெர்சீட்ஸ் 59. அதனால் ஜெமினிட்ஸை ‘அதோ’ என்று காட்ட நேரம் கிடைக்கிறது. பெரும்பாலான எரிகல் மழைகளுக்கு வால்நட்சத்திரத்தின் தூசு காரணம். இதற்குக் காரணம் 3200 பேத்தான் என்ற சிறுகோள். 1983-இல் ஒரு செயற்கைக்கோளின் படங்களில் அகப்பட்டது. புதன் கிரகத்தின் பாதைக்கும் உள்ளே புகுந்து சூரியனை நெருங்கிச் சுற்றி வருகிறது. அந்தச் சூட்டில் வெடித்து உதிர்ந்த கல்பொடி நம் ரப்பர் தோட்டத்துக்கு மேலே வந்து எரிகிறது என்று சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நாலரைக்கு ரப்பர் பால் வெட்டும் வெட்டுக்கார அண்ணாச்சி தலையில் விளக்கோடு வந்தார். நேற்றுப் பெய்த மழையில் பட்டை ஈரம், பால் வெட்ட முடியாது, ஆனாலும் பழக்கத்தில் எழுந்துவிட்டார். விளக்கை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“இது நான் தெனமும் பாக்கியதாக்கும் மக்களே. இண்ணைக்குக் கொஞ்சம் கூடுதல்.”

முப்பது வருடமாக விடியுமுன் தோட்டத்தில் நடப்பவர். மாவட்டத்தில் அவரைவிட அதிகம் எரிகல் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எரிநட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் அம்மை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொன்று விழும்போதும் தலையைத் திருப்பி ரப்பர் மரத்தைப் பார்த்துக்கொண்டார். இருட்டில் பச்சை எங்கே தெரிகிறது? ஆனாலும் பார்த்தார். கடைசியில் மருமகளும் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

டிசம்பர் 17, வியாழன்

இளம்பிறை வியாழனுக்கும் சனிக்கும் மேலே, தோணி போல மல்லாந்து. பிறையின் இருண்ட பாகம் பூமியின் வெளிச்சத்தில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் இப்படி ஒரு அந்தி கிடைப்பது அபூர்வம்.

டிசம்பர் 20, ஞாயிறு

தியோபிலஸ்! நான் அதிகம் வரைந்த பள்ளம் இதுதான், இன்றைக்கு ஒன்பதாவது தடவை.

நிலாவில் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டைத் தாண்டிச் சற்று உள்ளே நின்றது. கிழக்குச் சுவரின் நிழல் தரையில் பாதியை மூடியிருந்தது. நடுச்சிகரம் வெளிச்சத்தில். விட்டம் சுமார் 100 கிலோமீட்டர். நம் குமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர், அது இந்த ஒரு குழிக்குள் நான்கு தடவைக்கு மேல் அடங்கும். சிகரத்தின் உயரம் 1,400 மீட்டர் அளவு, நம் மகேந்திரகிரியைவிடக் கொஞ்சம் குள்ளம். பக்கத்தில் இருக்கும் சிரில்லஸின் சுவரை தியோபிலஸ் உடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நின்றால் ஏறியதுதான் பிந்தியது. எந்தப் புத்தகமும் இல்லாமல், கண்ணால் பார்த்தே நிலாவின் வரலாற்றில் ஒரு வரியைப் படிக்க முடிகிறது என்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயம்.

120 மடங்கில் வரைந்தேன். 2பி பென்சில், டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள். வரையத் தொடங்கி முக்கால் மணியில் நிழல் மாறிவிட்டது. நிலாவின் நடுக்கோட்டில் விடியல் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. சைக்கிள் வேகம். முதலில் நிழலின் எல்லையை வேகமாகக் குறித்துவிட வேண்டும், சுவரின் படிக்கட்டுகளை மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம். இது தெரியாமல் முதல் வருடம் பாழாக்கிய தாள்கள் நிறைய. வரையாமல் பார்த்தபோது அந்தச் சிகரம் எனக்கு ஒரு புள்ளி. வரைந்த பிறகுதான் அது ஒன்றல்ல, பிளவுபட்ட பல சிகரங்கள் என்று தெரிந்தது.

டிசம்பர் 21, திங்கள்

நாலு மணியில் இருந்து மேகம். ஆறு எட்டுக்குச் சூரியன் மறைந்தது, அது கடிகாரத்தில் பார்த்ததுதான். அக்கம்பக்கத்தில் எட்டுப் பத்துப் பேர் மட்டுப்பாவில். அம்மா எல்லாருக்கும் கட்டன்சாயா போட்டாள். ஆறே முக்காலுக்கு இரண்டு பேர் இறங்கிப் போய்விட்டார்கள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திறப்பின் இடது ஓரத்தில் மேகம் கிழிந்தது. முதலில் வெறுங்கண்ணுக்கு ஒரே நட்சத்திரம் போல. கூர்ந்து பார்த்தால் இரண்டு. இடைவெளி ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. 120 மடங்கில் வைத்தேன். ஒரே வட்டத்துக்குள் வியாழன், அதன் பட்டைகள், பக்கத்தில் வரிசையாக அதன் நிலவுகள், கொஞ்சம் தள்ளி வளையத்தோடு சனி. இரண்டையும் தனித்தனியாக எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸில் ஒன்றாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெளிவாகத் தெரிய இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

இரண்டும் பக்கத்தில் இல்லை என்பதை எல்லாருக்கும் சொன்னேன். வியாழன் சுமார் 89 கோடி கிலோமீட்டர், சனி 162 கோடி. நாங்கள் ஒரே சமயத்தில் பார்த்த வெளிச்சத்தில் ஒன்று 49 நிமிடம் முன்பு கிளம்பியது, மற்றது ஒன்றரை மணி நேரம் முன்பு. சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை இவை சேரும், ஆனால் இவ்வளவு நெருக்கம் 1623-க்குப் பிறகு இப்போதுதான். அப்போதும் சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் பார்ப்பது கடினம். நன்றாகத் தெரியும்படி வந்தது அதற்கும் முன்னால் 1226-இல், மதுரையில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் ஆண்ட காலம்.

ஏழு பத்துக்கு மறுபடி மேகம். பதினெட்டு நிமிடம் கிடைத்தது. எல்லாரும் பார்த்தார்கள். அண்ணாச்சி கடைசியாகப் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டுத் திறப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். “அங்க நிண்ண மரம் பூரா நான் வெட்டுனதாக்கும்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மரங்கள் போனதில் அவருக்குப் போனது வேலை. எனக்குக் கிடைத்தது இந்தப் பதினெட்டு நிமிடம். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு உச்சியில் நிலா. நிலாவின் கறுப்புச் சமவெளிகளைக் கடல் என்பார்கள். அமைதிக்கடலுக்கு வடக்கே, தெளிவுக்கடலில் பெசல் பள்ளத்தை வைத்து வழி பிடித்து சாராபாய் பள்ளத்தைத் தேடினோம். விட்டம் எட்டுக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாயின் பெயரை 1973-இல் வைத்தார்கள். 240 மடங்கில், காற்று அசையாத நேரத்தில், மிளகு அளவில் ஒரு கறுப்பு. மருமகள்தான் முதலில் கண்டாள். சாராபாய் காலமானது இங்கிருந்து தூரமில்லை, கேரளத்துக் கோவளத்தில், 1971 டிசம்பர் 30 அன்று. 2018-இல் இஸ்ரோ தலைவரான சிவன் நம் நாகர்கோவில் பக்கத்துச் சரக்கல்விளைக்காரர். அவள் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் 24, வியாழன்

வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் எரிகிறது. எங்கள் தெருவில் மட்டும் பதினொன்று. இன்று ஒரு ராத்திரி இருட்டு வேண்டும் என்று யாரிடமும் கேட்க மாட்டேன். ஜெபக்கூட்டம் முடிந்து வந்த பக்கத்து வீட்டு அக்கா, மூன்று நாள் முன்பு பார்த்ததுதான் பெத்லகேம் நட்சத்திரமா என்று கேட்டார். கி.மு. 7-இல் இதே இரண்டு கிரகங்கள் ஒரே வருடத்தில் மூன்று முறை நெருங்கின. வானியலாளர் கெப்ளர் அதைக் கணக்கிட்டார். ஆனால் அப்போது இடைவெளி ஒரு டிகிரி அளவு, ஒன்றாகத் தெரிந்திருக்காது. அதுதான் என்று சொல்ல முடியாது, அழகான யோசனை என்று சொல்லலாம். அவருக்குக் கோபர்னிகஸ் பள்ளத்தைக் காட்டினேன். 93 கிலோமீட்டர், சுவரில் படிப்படியாகச் சரிவு. “பாறைக்குவாரி மாதிரி இருக்கே தம்பி” என்றார். சரியான உவமை.

டிசம்பர் 30, புதன்

திருவாதிரை. வீட்டில் களி. பௌர்ணமி நிலா ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில். திருவாதிரை நட்சத்திரம் போன வருடம் இதே சமயம் மங்கிக்கொண்டே வந்து பிப்ரவரியில் மிகவும் குறைந்தது. இப்போது பழைய சிவப்பில் நன்றாக நிற்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

2021 ஜனவரி 24, ஞாயிறு

வியாழனும் சனியும் இப்போது சூரியனுக்குப் பின்னால். திறப்பில் ஒன்றும் இல்லை.

ஆனால் ரப்பர் இலை உதிரத் தொடங்கிவிட்டது. மட்டுப்பா முழுக்கச் செம்பழுப்புச் சருகு, நடந்தால் நொறுங்குகிறது. கொஞ்ச நாளில் வெட்டை நிறுத்திவிடுவோம் என்றார் அண்ணாச்சி. சிரட்டையில் இருக்கும் ஒட்டுப்பாலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குத் தெற்கே, வருடம் முழுக்க அடைத்து நின்ற இரண்டு மரங்களின் வெறுங்கிளைக்கு நடுவே அகத்தியர் நட்சத்திரம். அடிவானத்தில் இருந்து கிட்டத்தட்ட 29 டிகிரி. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். விளக்கைத் தானாகவே அணைத்துவிட்டு ஏறி வந்தார்.