ரெட்சு: 20 நாள் அரிசியோடு கொஹிமா போன டிவிஷன்

1944இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைந்த ஜப்பானியப் படையை பிரிட்டிஷ்-இந்தியப் படை தடுத்து நிறுத்திய நாகா மலை ஊர் கொஹிமா. அந்தச் சண்டை என்றதும் பேச்சு, இரு தரப்பும் எதிரெதிரே பதுங்கியிருந்த டென்னிஸ் மைதானத்தில் போய் நின்றுவிடுகிறது. மைதானத்தின் எதிர்ப்பக்கம் பதுங்கியிருந்தவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எதைத் தின்று சண்டை போட்டார்கள் என்று கேட்டால் 'ஜப்பான்காரர்கள்' என்ற ஒரே சொல்தான் பதிலாக வருகிறது. அவர்கள் ஜப்பானியத் தரைப்படையின் 31ஆவது டிவிஷன், பல ரெஜிமென்டுகள் சேர்ந்த பெரும்படை. ஜப்பானிய ஆவணங்களில் இந்த எண்ணை விட 'ரெட்சு' என்ற பெயர்தான் அதிகம் கண்ணில் படும். உக்கிரம் என்று பொருள். எண்ணை வெளியே காட்டாமல் இருக்க ஒவ்வொரு டிவிஷனுக்கும் இப்படி ஓர் எழுத்தைக் குறியீடாகக் கொடுத்திருந்தார்கள். இம்பால் பக்கம் போன 15ஆவது டிவிஷன் 'மட்சுரி', 33ஆவது 'யுமி'.

ரெட்சு பழைய டிவிஷன் அல்ல. 1943 மார்ச் 22இல் பாங்காக்கில் அமைக்கப்பட்டது. அதாவது, முதன்முதலாகப் பெரும் தாக்குதலுக்குக் கிளம்பியபோது அதற்கு வயது ஒன்றுகூட நிரம்பவில்லை. ஆனால் உள்ளே இருந்த மூன்று காலாட்படை ரெஜிமென்டுகளும் வேறு இடங்களில் அடிபட்டு வந்தவை. 58ஆவது, சீனாவில் 13ஆவது டிவிஷனோடு இருந்தது. பனி கொட்டும் நீகாதா மாகாணத்தின் தகதா ஊர்தான் அதன் தாயகம். 138ஆவது, நாரா பக்கத்து ரெஜிமென்ட். 116ஆவது டிவிஷனிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஃபுகுவோகாவின் 124ஆவதுதான் அதிகம் அடிபட்டது. கவாகுச்சி என்ற தளபதியின் கீழ் போர்னியோவில் இறங்கி, பிலிப்பைன்ஸில் சண்டையிட்டு, 1942இல் பசிபிக் தீவான குவாடல்கனாலில் பசியாலும் நோயாலும் கரைந்துபோன ரெஜிமென்ட் அது. எஞ்சியவர்களோடு புது ஆட்களைச் சேர்த்து மறுபடி நிரப்பினார்கள். உணவு வராத காட்டில் ஒரு படை என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்த ஆட்கள் இந்த டிவிஷனுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிஷன் தளபதி லெஃப்டினன்ட் ஜெனரல் சாட்டோ கொடொகு. காலாட்படைக் குழுவுக்கு மேஜர் ஜெனரல் மியாசாகி ஷிகெசபுரோ. மேலே, இந்த மூன்று டிவிஷன்களையும் நடத்திய 15ஆவது ஆர்மியின் தளபதி முடகுச்சி ரென்யா. சாட்டோவுக்கும் முடகுச்சிக்கும் ஆகாது.

இனி சுமைக்கு வருவோம். ரெட்சுவின் வரலாறு முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது. லாரி போகாத மலை என்பதால் டிவிஷனோடு போனது மலைப் பீரங்கி ரெஜிமென்ட். 94 வகை 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கியின் எடை அரை டன்னுக்குச் சற்று மேல். அதை 11 பாகங்களாகக் கழற்றி 6 குதிரைகளில் ஏற்றலாம். குதிரை விழுந்தால் 18 ஆட்கள் தூக்க வேண்டும். குழல், சக்கரம், அடிக்கட்டை எல்லாம் போய்ச் சேர்ந்தாலும் குண்டு தனிச் சுமை. ஒரு குண்டு ஆறு கிலோ என்றால் ஒரு குதிரை பெட்டியோடு ஒரு டஜன் தூக்கினாலே பெரிய விஷயம். அந்த ஒரு டஜனைச் சில நிமிடங்களில் சுட்டுத் தீர்த்துவிடலாம். 92 வகைக் கனரக இயந்திரத் துப்பாக்கி முக்காலியோடு 55 கிலோ. ஆளுக்கு ஆள் மாற்றித் தூக்கிக்கொண்டு நாகா மலையின் செங்குத்துப் பாதையில் ஏற வேண்டும்.

சோற்றுக் கணக்கு இன்னும் கொடுமை. ஜப்பானியச் சிப்பாயின் முழுப் படி ஒரு நாளைக்கு அரிசி 660 கிராம், பார்லி 210 கிராம். சுமார் 15,000 பேர் என்று வைத்தால் தானியம் மட்டும் தினமும் 13 டன். கையில் இருந்தது ஏறக்குறைய மூன்று வார உணவு. மீதிக்கு முடகுச்சி கண்ட வழி, செங்கிஸ் கான் போல மாடுகளை ஓட்டிக்கொண்டு போவது: வழியில் சுமை தூக்கும், பிறகு இறைச்சியாகும். பர்மாவின் மாடு வண்டியும் ஏரும் இழுத்துப் பழகியது. முதுகில் மூட்டை கட்டி மலையேறிப் பழகியதல்ல. சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதே பல மாடுகள் மூழ்கின, பல மலைச்சரிவில் விழுந்தன. மாடு போனால் அதன் முதுகில் இருந்த அரிசியும் போச்சு. பின்னால் இருந்த ரயில் பாதையை மார்ச் தொடக்கத்தில் விமானத்தில் வந்திறங்கிய சிந்திட் என்ற பிரிட்டிஷ் ஊடுருவல் படைகள் வேறு அறுத்துக்கொண்டிருந்தன.

1944 மார்ச் 15 இரவு டிவிஷன் ஹோமாலினுக்கும் தமந்திக்கும் இடையே சிந்த்வினைக் கடந்தது. மியாசாகியின் 58ஆவது ரெஜிமென்ட் இடதுபக்கமாகப் போய், மார்ச் 22இல் சாங்ஷாக்கில் 50ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடோடு மோதியது. அந்த ஊர் 15ஆவது டிவிஷனுக்கு ஒதுக்கிய எல்லையில் இருந்தது. சுற்றிப் போயிருக்கலாம், மியாசாகி நின்று அடித்தார். மார்ச் 26 இரவு பாராசூட் பிரிகேட் வெளியேறியதால் இடம் கிடைத்தது. ஆனால் ஐந்து நாள்கள் போயின, ரெஜிமென்டின் நல்ல ஆட்களில் பலர் போனார்கள். இறந்த ஒரு ஜப்பானிய அதிகாரியின் வரைபடப் பையும் எதிரி கையில் சிக்கியது. ஒரு முழு டிவிஷனே கொஹிமாவுக்கு வருகிறது என்பது அதில் தெரிந்தது. 20 நாள் உணவோடு கிளம்பியவனுக்கு ஐந்து நாள் என்பது கால்வாசி ஆயுள்.

வலப்பக்கம் 138ஆவது ரெஜிமென்டை ஜெஸாமியிலும் கராசோமிலும் அஸ்ஸாம் ரெஜிமென்டின் சிறு படைகள் சில நாள்கள் மறித்தன. ஏப்ரல் 4 வாக்கில் ரெட்சு கொஹிமாவைத் தொட்டது. கிளம்பிய நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள்: இருபது நாள்.

கொஹிமாவைக் காத்து நின்ற பிரிட்டிஷ்-இந்தியப் படையில் சண்டைக்கு லாயக்கானவர்கள் ஏறக்குறைய 1,500 பேர்தான். ஜெயில் குன்று, குக்கி பிக்கெட் என்று காவல் குன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே வந்த ஜப்பானியர், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் வரை வந்துவிட்டார்கள். அதற்கு மேல் தள்ள முடியவில்லை. ஏப்ரல் 18இல் 161ஆவது இந்திய பிரிகேட் முற்றுகையை உடைத்தது. 46 மைல் தள்ளி, எதிரியின் சரக்குக் கிடங்குகள் இருந்த திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு உடனே போயிருந்தால் கதை மாறியிருக்கும் என்று சாட்டோவைக் குறை சொல்வார்கள். முடகுச்சி அப்படிப் போகச் சொன்னது உண்மை. அதைத் தடுத்தது மேலே இருந்த பர்மா பகுதி ஆர்மித் தளபதி கவாபெ மசகாசு. அந்தப் பழியைச் சாட்டோ தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

அடுத்த ஆறு வாரம் ரெட்சு தற்காப்பில் இருந்தது. தற்காப்பில் அவர்கள் அசகாயசூரர்கள். படிக்கட்டுச் சரிவுகளில் ஒன்றையொன்று காக்கும்படி பதுங்குகுழிகளை வெட்டினார்கள்; ஒன்றைத் தாக்கினால் இன்னொன்றிலிருந்து துப்பாக்கிச் சூடு வரும். டென்னிஸ் மைதானக் குழிகளை உடைக்க, பிரிட்டிஷார் மலையில் பாதை வெட்டி 'லீ' வகை டாங்கி ஒன்றை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. மே 13இல் அது சில கஜ தூரத்தில் நின்று சுட்டது. அதற்குப் பதில் சொல்லக் குழிக்குள் இருந்தவர்களிடம் ஒன்றுமில்லை.

பின்னால் சமையல் எப்படி நடந்தது? கிராமங்களில் கிடைத்த நெல்லை இரும்புத் தொப்பியில் போட்டுக் கட்டையால் குத்தினார்கள். உமி முழுதாகப் போகாது. அரைகுறையாக வெந்த உமிச்சோறு வயிற்றைக் கிழிக்கும், ஏற்கெனவே சீதபேதி. உப்பு இல்லை. தீ மூட்டினால் புகை பார்த்து விமானம் வரும். மே மாதம் மழை பிடித்ததும் மலேரியாவும், சத்துக்குறைவால் வரும் பெரிபெரியும் சேர்ந்துகொண்டன.

உணவு வராவிட்டால் ஜூன் 1க்குள் விலகுவேன் என்று சாட்டோ மே 25இல் தந்தி கொடுத்தார். மே 31இல் விலக உத்தரவிட்டார். மேலிட உத்தரவு இல்லாமல் ஒரு டிவிஷன் தளபதி தன் முடிவில் பின்வாங்குவது அந்தப் படையில் கேள்விப்படாத செயல். மியாசாகியின் சிறு படை இம்பால் சாலையை ஜூன் 22 வரை மறித்து மற்றவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. உக்ருலில் அரிசி இருக்கும் என்று நம்பிப் போனார்கள், இல்லை. அடுத்து ஹுமினே என்ற ஊருக்குப் போனார்கள்.

ஜூலையில் சாட்டோ பதவி நீக்கப்பட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார். அந்தப் படையில் டிவிஷன் தளபதியை நியமித்தவர் பேரரசர். விசாரணை என்று வந்தால் மேலிடத்தின் உணவுக் கணக்கும் கூண்டில் ஏறும். மருத்துவர்கள் அவருக்கு மனநிலை சரியில்லை என்று எழுதினார்கள், விசாரணை நடக்கவில்லை.

கவாடா சுசிடாரோ புதுத் தளபதியானார். ஆள் குறைந்த ரெட்சுவை ஐராவதிக் கரையில் நிறுத்தினார்கள். 1945 பிப்ரவரி 24இல் ங்கசுன் அருகே அந்தக் கரையில் வந்து இறங்கியது பிரிட்டிஷ் 2ஆவது டிவிஷன், கொஹிமாவில் இவர்களைக் குழி குழியாகத் தோண்டி எடுத்த அதே டிவிஷன்.