384-க்குள் ஒளிந்திருந்த இரண்டு ஸ்டெரால்கள்

கொலஸ்ட்ரால் உருவாக்கத்தின் கடைசிப் படிகளைத் தடுக்கும் சேர்மங்களைச் சோதித்துவிட்டு, அளவீட்டுக்காகச் சென்னையில் வெளிக் கூடங்களை நாடும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். செல் வளர்ப்பும் பிரித்தெடுப்பும் எங்கள் கூடத்திலேயே தடையின்றி முடிந்தன. கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவி இல்லாததால் மாதிரிகளை ஒரு தனியார் பகுப்பாய்வுக் கூடத்தில் ஒப்படைத்தோம்.

வந்த அறிக்கையில் கொலஸ்ட்ராலுக்கு ஓர் எண்ணும், அதற்கு முந்தைய படிகளில் உருவாகும் ஸ்டெரால்கள் (கொலஸ்ட்ராலின் இனச் சேர்மங்கள்) அனைத்துக்கும் சேர்த்து 'முன்னோடி ஸ்டெரால்' என்று இன்னோர் எண்ணுமே இருந்தன. அந்தக் கடைசிப் படிகளை நடத்தும் நொதிகளில் டிஹெச்சிஆர்7 தடைபட்டால் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் தேங்கும். டிஹெச்சிஆர்24 தடைபட்டால் டெஸ்மோஸ்டெரால் தேங்கும். இரண்டின் மூலக்கூறு நிறையும் 384. கருவியில் எளிதில் ஆவியாவதற்காக டிஎம்எஸ் (டிரைமெத்தில்சிலில்) தொகுதியை ஏற்றிய பிறகும் இரண்டும் 456தான். அந்த நிறையை மட்டும் பார்த்து இரண்டையும் கூட்டிவிட்டால், எங்கள் சேர்மம் எந்த நொதியைத் தடுத்தது என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை கிடைக்காது. இது சிறிய வேறுபாடன்று. 1960இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிரைபாரனால், டிஹெச்சிஆர்24-ஐத் தடுத்து டெஸ்மோஸ்டெராலைத் தேங்கவைத்த கொலஸ்ட்ரால் குறைப்பு மருந்து. கண்புரை உள்ளிட்ட பாதிப்புகளால் 1962இல் அது திரும்பப் பெறப்பட்டது.

மூலத் தரவைக் கேட்டபோது, "அறிக்கை கொடுத்தாயிற்று சார், மறுபடி பார்க்கப் புதுக் கட்டணம் கட்ட வேண்டும்" என்றார் முகப்பில் இருந்தவர். பிறகு துறைத்தலைவரின் கடிதம் வேண்டுமென்றார்; வெயிலில் கிண்டியிலிருந்து பேருந்து பிடித்துக் கடிதத்தோடு போனால், அலுவலக முத்திரை இல்லையென்று திருப்பி அனுப்பினார். முத்திரையும் வேண்டுமென்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

முத்திரையிட்ட கடிதத்துடன் போனபோது, கருவியை இயக்கும் பெண்மணி கோப்பைத் திறந்து பொறுமையாகக் காட்டினார். நாங்கள் கொண்டுபோயிருந்த தூய ஒப்பீட்டுப் பொருள்களைத் தனித்தனியே செலுத்தி, அவை வெளிவரும் நேரத்தோடு ஒப்பிட்டதும், வரைபடத்தில் உயர்ந்து நின்ற உச்சி டெஸ்மோஸ்டெராலுடையது என்பது ஐயமின்றித் தெரிந்தது. எங்கள் சேர்மம் தடுத்தது டிஹெச்சிஆர்24-ஐத்தான். அந்த நிமிடம் கிடைத்த நிம்மதி பெரிது.

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே ஒவ்வொரு ஸ்டெராலுக்கும் தனி அளவும், வெளிவரும் நேரமும், மூலக் கோப்பும் தரவேண்டுமென எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் காற்றிலும் ஒளியிலும் எளிதில் சிதையும். ஆகவே பிஹெச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்து, நைட்ரஜன் நிரப்பிய பழுப்புக் குப்பியில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். முகப்பு மேசையில் விட்டுவிடாமல் கருவி அறையில் இருப்பவரிடமே நேரில் கொடுங்கள்.